திரைக்கு அந்தப் பக்கம் நின்ற தங்கை: குற்றத் தொடர்கள் சரியத் தொடங்கும் இடம்

2013 செப்டம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் டெக்ஸ்டர் முடிந்தது. அடுத்த ஞாயிறு, 29ஆம் தேதி, பிரேக்கிங் பேட் முடிந்தது. ஒரே வாரம்தான் இடைவெளி. இரண்டிலும் கதாநாயகன் குற்றவாளி: டெக்ஸ்டர் கொலைகாரர்களைத் தேடிக் கொல்லும் தொடர் கொலைகாரன், வால்டர் ஒயிட் போதைப்பொருள் தயாரிக்கும் வேதியியல் ஆசிரியர். இரண்டிலும் அவன் குடும்பத்துக்குள்ளேயே ஒரு போலீஸ் இருக்கிறார்: டெக்ஸ்டருக்குத் தங்கை டெப்ரா, வால்டர் ஒயிட்டுக்குச் சகலை ஹேங்க். அந்த வீட்டுப் போலீஸுக்கு உண்மை தெரியும் நாளில் என்ன நடக்கும் என்ற கேள்விதான் நம்மை வருடக்கணக்கில் கட்டிப்போட்டு வைத்தது. பிரேக்கிங் பேட் முடிந்த விதத்தை இன்றும் மெச்சிப் பேசுகிறார்கள். டெக்ஸ்டர் முடிந்த விதத்தை நினைத்தால் அதை உயிருக்குயிராகப் பார்த்தவர்களுக்கே மனசு ஆறவில்லை.

ஒரு எச்சரிக்கை. இங்கே பேசப்போகும் தொடர்களின் முடிவுகளை நான் மறைக்கப்போவதில்லை. மறைத்தால் இந்த விஷயத்தையே பேச முடியாது.

டெக்ஸ்டர் எங்கே கெட்டது என்று கேட்டால் பெரும்பாலும் கடைசி எபிசோடைத்தான் காட்டுவார்கள். தங்கையின் உடலைக் கடலில் விட்டுவிட்டு, புயலுக்குள் படகைச் செலுத்தி, எல்லாரும் செத்துப்போனான் என்று நம்பியபின், எங்கோ மரம் வெட்டும் தொழிலாளியாக உட்கார்ந்திருக்கிறான். சப்பென்ற முடிவு, சந்தேகமில்லை. ஆனால் அங்கே புண் வெளியே தெரிந்தது, அவ்வளவுதான். உள்ளே சீழ் கட்டி ஏறக்குறைய மூன்று வருடம் ஆகியிருந்தது. நான் காட்டுவது 2010 டிசம்பரில் வந்த 5ஆம் சீசனின் கடைசி எபிசோடை.

அந்தக் காட்சியைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். டெக்ஸ்டரும் லூமன் என்ற பெண்ணும் அவளைச் சீரழித்த கூட்டத்தின் தலைவனைக் கொன்று முடித்திருக்கிறார்கள். கொலை நடந்த இடத்தைச் சுற்றி, எப்போதும்போல, பிளாஸ்டிக் ஷீட் தொங்குகிறது. டெப்ரா துப்பாக்கியோடு உள்ளே வருகிறாள். ஷீட்டுக்கு அந்தப் பக்கம் இரண்டு உருவங்கள் நிழலாகத் தெரிகின்றன. இடையில் இருப்பது ஒரு மெல்லிய பிளாஸ்டிக். கையை நீட்டி விலக்கினால் அண்ணன் நிற்பான். ஐந்து வருடமாக நாம் காத்திருந்த நொடி அது. டெப்ராவின் குரல் தழுதழுக்கிறது. அந்தப் பெண் என்ன பாடு பட்டிருப்பாள் என்பது புரிகிறது என்கிறாள். போலீஸ் வருவதற்குள் போய்விடச் சொல்கிறாள். ஷீட்டைத் தொடாமலே திரும்பிப் போகிறாள்.

நடிப்பில் குறை சொல்ல இடமே இல்லை. முதல் முறை பார்த்தபோது எனக்கும் நெஞ்சு அடைத்தது. அப்புறம் யோசித்தால்தான் உறைக்கிறது. டெப்ரா துப்பறியும் அதிகாரி. வழக்கின் முடிச்சை அந்தச் சீசன் முழுக்க விடாமல் துரத்தியவள். அவள் அந்த ஷீட்டை விலக்காததற்குக் கதைக்குள் சொல்லப்பட்ட காரணம் இரக்கம். கதைக்கு வெளியே இருந்த காரணம், அடுத்த சீசன் வேண்டும் என்பது. இந்த இரண்டாவது காரணம் என் கண்ணுக்குத் தெரிந்த அந்த இடத்தில்தான் தொடர் சரியத் தொடங்கியது என்பேன். அதுவரை கதாநாயகன் தன் சாமர்த்தியத்தால் தப்பித்தான். அன்று முதல் அவனை எழுத்தாளர்கள் தப்பவிட்டார்கள்.

இப்போது பிரேக்கிங் பேடில் இதே இடம் எப்படி வருகிறது என்று பாருங்கள். 2012 செப்டம்பரில் ஹேங்க் சகலை வீட்டுக் குளியலறையில் ஒரு புத்தகத்தைப் புரட்டுகிறார், உள்ளே எழுதியிருப்பதைப் படித்ததும் எல்லாம் விளங்கிவிடுகிறது. சீசன் பாதியில் நிற்கிறது. கிட்டத்தட்ட ஒரு வருடம் இடைவெளி. மற்ற தொடர்களைப் பார்த்துப் பழகிய நமக்கு என்ன தோன்றும்? இனி ஹேங்க் ரகசியமாகத் துப்புத் துலக்குவார், வால்ட் ஒன்றும் தெரியாதவர்போல நடிப்பார், இப்படியே ஏழெட்டு எபிசோடை ஜவ்வாக இழுப்பார்கள் என்றுதான். 2013 ஆகஸ்டில் தொடர் திரும்பி வந்தது. அந்த முதல் எபிசோடிலேயே வால்ட் ஹேங்கின் கராஜுக்குப் போகிறார். தன் காரில் யாரோ கண்காணிப்புக் கருவி பொருத்தியிருப்பதைக் காட்டி, இதைப் பற்றித் தெரியுமா என்று கேட்கிறார். ஹேங்க் பதில் சொல்லவில்லை. ரிமோட்டை அழுத்துகிறார். கராஜ் கதவு மெதுவாக இறங்குகிறது. அது மூடியதும் ஒரு குத்து விழுகிறது.

அங்கே ஒரு பிளாஸ்டிக் ஷீட், இங்கே ஒரு கராஜ் கதவு. ஷீட் மோதலைத் தள்ளிப்போட்டது. கதவு இருவரையும் உள்ளே வைத்துப் பூட்டியது.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கங்கள் மூன்று உண்டு. ஒன்றுகூட முழுசாகச் செல்லாது என்பது என் அபிப்பிராயம். முதல் விளக்கம், பிரேக்கிங் பேட் குழு முடிவை முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருந்தது என்பது. உண்மையில் 5ஆம் சீசனின் தொடக்கத்தில் வால்ட் வாங்கும் இயந்திரத் துப்பாக்கி யாரைச் சுடப்போகிறது என்பதே அதை எழுதியபோது அவர்களுக்குத் தெரியாது. தொடரை உருவாக்கிய வின்ஸ் கில்லிகனே இதைச் சொல்லியிருக்கிறார். இரண்டாவது, ஆள் மாறியதால் கெட்டது என்பது. டெக்ஸ்டரில் 4ஆம் சீசனோடு கிளைட் பிலிப்ஸ் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார் என்பது உண்மைதான், அது பாதித்திருக்கும். ஆனால் ட்ரூ டிடெக்டிவின் 2014 முதல் சீசனையும் 2015 இரண்டாம் சீசனையும் எழுதியவர் ஒரே நிக் பிசோலாட்டோ. முதலாவதைக் கொண்டாடியவர்களே இரண்டாவதில் கையை விரித்தார்கள். மூன்றாவது, நீளம். 62 எபிசோடில் முடித்தவர்கள் பிழைத்தார்கள், 96 எபிசோட் இழுத்தவர்கள் கெட்டார்கள் என்பது. இதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. இன்னும் 16 எபிசோட்தான் என்று 2011இலேயே பிரேக்கிங் பேடுக்கு எல்லை போட்டுவிட்டார்கள், அதனால் எதையும் பத்திரப்படுத்தி வைக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போனது. ஆனால் நீளம் மட்டுமே காரணம் என்றால் ஷெர்லாக் கெட்டிருக்கவே கூடாது. சீசனுக்கு மூன்றே எபிசோட். 2010 முதல் 2017 வரை மொத்தம் 13.

ஷெர்லாக்கில் எனக்கு அந்த ஷீட் தெரிந்த இடம் 2014 ஜனவரியில் வந்த 3ஆம் சீசன் முடிவு. மேக்னசன் என்ற மிரட்டல்காரனை ஷெர்லாக் ஆயுதப் படையினர் முன்னால், அண்ணன் மைக்ராஃப்ட் பார்க்கப் பார்க்கச் சுட்டுக் கொல்கிறான். அறிவால் எதையும் வெல்லும் ஒருவன் வேறு வழியில்லாமல் கொலைகாரனாகும் தருணம். பிரமாதமான இடம், இதிலிருந்து எங்கு வேண்டுமானாலும் போயிருக்கலாம். தண்டனையாக நாட்டைவிட்டு அனுப்புகிறார்கள். விமானம் ஏறுகிறது. சில நிமிடம்தான், செத்துப்போன பழைய எதிரி மோரியார்ட்டியின் முகம் எல்லாத் திரைகளிலும் தோன்ற, விமானத்தைத் திருப்பிவிடுகிறார்கள். 2017இல் அடுத்த சீசன் தொடங்கும்போது அந்தக் கொலைக் காட்சியின் வீடியோவையே திருத்தி, வேறு யாரோ சுட்டதாகப் பூசி மெழுகியாயிற்று. கொலையும் நடந்தது, அதற்கு விலையும் இல்லை. இதன் பிறகு யூரஸ் என்ற மறைந்திருந்த தங்கை வந்தாலும், இன்னும் எத்தனை ட்விஸ்ட் வந்தாலும், எனக்குப் பதறவில்லை.

ஆக, சரிவை அளக்க நான் பார்ப்பது ஒன்றுதான். நடந்த காரியத்துக்குக் கணக்குத் தீர்க்கப்படுகிறதா? பிரேக்கிங் பேடில் 2009இல், ஜேன் மூச்சுத்திணறிச் சாவதை வால்ட் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். காப்பாற்றியிருக்கலாம், காப்பாற்றவில்லை. அந்தக் கணக்கு அவளுடைய காதலனும் வால்ட்டின் கூட்டாளியுமான ஜெஸ்ஸியிடம் வந்து சேர்வது 2013இல், அதுவும் வால்ட் வாயாலேயே. நான்கு வருட வட்டியோடு.

டெக்ஸ்டருக்கும் இதில் நியாயம் செய்ய வேண்டும். 2ஆம் சீசனில் டெக்ஸ்டரைச் சந்தேகித்த போலீஸ் அதிகாரி டோக்ஸைக் கொன்றவள் டெக்ஸ்டரின் காதலியாக இருந்த லைலா. டெக்ஸ்டர் கையில் ரத்தம் படாமல் கதை நழுவிக்கொண்டது. சரிவு அங்கேயே தொடங்கிவிட்டது என்று வாதிடுபவர்கள் உண்டு. ஆனால் 7ஆம் சீசனில் போலீஸ் அதிகாரி லாகுவெர்ட்டா அந்தப் பழைய வழக்கைக் கிளறுகிறாள், அதன் விலையாகக் கடைசியில் டெப்ரா அவளைச் சுட வேண்டி வருகிறது. ஐந்து வருடம் கழித்து வசூலான கடன். அந்த 7ஆம் சீசன் சரிவுக்கு நடுவே திடீரென்று எழுந்து நின்றதற்குக் காரணம் அதுதான். அதற்குள் டெப்ராவுக்கு உண்மை தெரிந்திருந்தது. 6ஆம் சீசனின் கடைசி நொடியில்தான் தெரிந்தது, ஒரு முழு வருடம் தாமதமாக.

தி வயர் இந்த ஒப்பீட்டில் மிக முக்கியம், ஏனென்றால் அதன் 5ஆம் சீசனில் எல்லாரும் சரிவு என்று காட்டும் விஷயம் உண்மையிலேயே நம்ப முடியாதது. பணமில்லாமல் முடங்கிய போலீஸ் துறையிலிருந்து காசு கறக்க, துப்பறியும் அதிகாரி மெக்நல்ட்டி வீடற்றவர்களின் பிணங்களில் அடையாளங்களை உண்டாக்கி, இல்லாத ஒரு தொடர் கொலைகாரனைக் கட்டிவிடுகிறார். போதை வியாபாரம், துறைமுகம், நகர அரசியல், பள்ளிக்கூடம் என்று சீசனுக்கு ஒன்றாக பால்டிமோர் நகரத்தையே பிரித்துக் காட்டிய தொடரில் இது கையை மீறிய கற்பனை. எபிசோட்களும் முந்தைய சீசனின் 13இலிருந்து 10ஆகக் குறைந்திருந்ததால் அவசரம் வேறு தெரிகிறது. நானும் நெளிந்தேன். ஆனாலும் தொடர் உடையவில்லை. கூடவே வேலை பார்த்த கிமாவே உண்மையை மேலே சொல்லிவிடுகிறாள். மெக்நல்ட்டியின் வேலை போகிறது, அவருக்குத் துணைநின்ற லெஸ்டரின் வேலை போகிறது. மேலதிகாரிகள் தங்கள் தலையைக் காப்பாற்ற விஷயத்தைப் புதைக்கிறார்கள், நேர்மையானவரான டேனியல்ஸ் வெளியேறுகிறார், சட்டவிரோதமாக ஒட்டுக்கேட்ட ஒரே காரணத்தால் போதைக் கும்பல் தலைவன் மார்லோ சிறைக்குப் போகாமல் நழுவுகிறான். ஒரு பொய், பத்துப் பேர் வாழ்க்கை. கதை நம்பும்படி இல்லாதபோதுகூட விளைவுகள் நம்பும்படி இருந்தன. எனக்கு அது போதும்.

வில்லன் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். சீசனுக்கு ஒரு புது வில்லன், ஒவ்வொருவனும் முந்தையவனைவிடப் பயங்கரமானவன் என்பது டெக்ஸ்டரின் வழி. 4ஆம் சீசனில் ஜான் லித்கோ நடித்த ட்ரினிட்டி உச்சம். அதற்கு மேல் ஏற இடமில்லை. ஹேப்பி வேலி இதற்கு நேர் எதிர். 2014, 2016, 2023 என்று மூன்றே சீசன், ஒவ்வொன்றிலும் ஆறே எபிசோட், தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே எதிரி டாமி லீ ராய்ஸ். இடையில் ஏழு வருடம் காத்திருந்தார்கள். கதாநாயகியான போலீஸ் அதிகாரி கேத்தரினின் பேரன் ரயனாக நடித்த அதே சிறுவன் வளர்ந்து, அப்பாவான ராய்ஸைத் தேடிப் போவதா வேண்டாமா என்று தானே முடிவெடுக்கும் வயதுக்கு வந்தபின்தான் கதையைத் தொடர்ந்தார்கள். கடைசி மோதல் நடப்பது கேத்தரினின் சமையலறையில், ஒரு மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். வெடிகுண்டு இல்லை, துரத்தல் இல்லை. அத்தனை வருடத்துச் சுமையும் அந்த இரண்டு பேர் முகத்தில் இருந்தது. தொடரை நீட்டுவதற்கு இதைவிட மரியாதையான வழி எனக்குத் தெரியாது.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கொலைகாரன் யார் என்ற ஒரே கேள்வியை நம்பி நடக்கும் தொடருக்கு இரண்டு பக்கமும் பள்ளம். ட்வின் பீக்ஸ் 1990 நவம்பரில், தொலைக்காட்சி நிறுவனம் நெருக்கியதால், விடையைச் சொல்லிவிட்டது. அடுத்த வருடமே நிறுத்தப்பட்டது. அமெரிக்காவின் தி கில்லிங் 2011இல் முதல் சீசன் முடிவில் விடையைச் சொல்லாமல் விட்டது. பார்த்தவர்கள் ஏமாற்றப்பட்டதாகக் கொதித்தார்கள். எபிசோடுக்கு ஒரு வழக்கு என்று முடித்துவிடும் கொலம்போ மாதிரியான தொடர்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது, அங்கே கடன் அடுத்த எபிசோடுக்குப் போவதே இல்லை. சீசனுக்குச் சீசன் ஆளையும் ஊரையும் மாற்றும் ட்ரூ டிடெக்டிவ் வழியில் பழைய கணக்கு சேராது என்பது லாபம்; ஒவ்வொரு முறையும் வெறுங்கையோடு தொடங்க வேண்டும் என்பது நஷ்டம்.

டெக்ஸ்டருக்கு வருகிறேன். 2021இல் பிலிப்ஸ் திரும்பி வந்து எடுத்த நியூ பிளட், தாமதமாகவேனும் கணக்கைத் தீர்க்கப் பார்த்தது. வளர்ந்த மகன் ஹாரிசன் அப்பாவைச் சுடுகிறான். 2025இல் வந்த அடுத்த தொடரில் டெக்ஸ்டர் அந்தக் குண்டிலிருந்து பிழைத்துக்கொண்டான். மறுபடியும் அதே ஷீட்.

இதுவரை பார்க்காத யாராவது என்னிடம் கேட்டால் நான்கு சீசன் பாருங்கள் என்றுதான் சொல்வேன். 4ஆம் சீசன் முடிவில் டெக்ஸ்டர் வீட்டுக்கு வருகிறான். உள்ளே குழந்தை அழுகிற சத்தம். குளியலறையில் மனைவி ரீட்டா தண்ணீருக்குள் இறந்து கிடக்கிறாள். தரையில், அம்மாவின் ரத்தத்துக்கு நடுவில், ஹாரிசன் உட்கார்ந்திருக்கிறான். சின்ன வயதில் டெக்ஸ்டரும் தன் அம்மாவின் ரத்தத்தில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தான். அந்தக் குழந்தையை அவன் தூக்கிக்கொண்டதும் டிவியை அணைத்துவிடுங்கள்.