கால்சியம் ஒட்டினால் புரதம் திறந்துவிடுமா? கால்மோடுலினும் ட்ரோபோனின்-சியும்

கால்சியம் வந்து ஒட்டியதும் ஒரு புரதத்தின் வடிவம் எப்படி மாறுகிறது என்பதற்கு, ஏறக்குறைய எல்லாப் பாடநூல்களும், செல்லில் கால்சியத்தின் சமிக்ஞையை மற்றப் புரதங்களுக்குக் கடத்தும் கால்மோடுலினைத்தான் எடுத்துக்காட்டாகத் தருகின்றன. என் தேர்வு வேறு. இந்த மாற்றத்தை முதன்முதலாகப் புரிந்துகொள்ள விரும்பும் மாணவர், தசையிலுள்ள ட்ரோபோனின்-சி என்னும் கால்சியம் பிடிக்கும் புரதத்திலிருந்து தொடங்க வேண்டும். கால்மோடுலின் இரண்டாவதாக வரட்டும்.

முதலில் இரண்டுக்கும் பொதுவான பாகத்தைப் பார்த்துவிடுவோம். ஓய்வு நிலையில் செல்லுக்குள் கால்சியம் அயனியின் செறிவு சுமார் 100 நானோமோலார். செல்லுக்கு வெளியே அதைப்போல் பத்தாயிரம் மடங்குக்கு மேல். சமிக்ஞை வந்ததும் உள்ளேயிருக்கும் அளவு 1 முதல் 10 மைக்ரோமோலார் வரை எகிறுகிறது. இந்த ஏற்றத்தைப் பிடித்துக்கொள்ளும் அமைப்புக்கு ‘ஈ-எஃப் கை’ என்று பெயர். 1973-இல் ராபர்ட் கிரெட்சிங்கர், கெண்டை மீன் தசையிலுள்ள பார்வால்புமின் என்னும் புரதத்தின் படிக அமைப்பில் இதை அடையாளம் கண்டார். இரண்டு சுருள்கள், நடுவே ஒரு வளையம்: வலது கையின் சுட்டுவிரலையும் பெருவிரலையும் நீட்டிப் பிடித்தால் சுருள்கள் நிற்கும் விதம் தெரியும். வளையத்தில் 12 அமினோ அமிலங்கள் உள்ளன. பொதுவாக ஏழு ஆக்சிஜன் அணுக்கள் கால்சியத்தைச் சூழ்ந்து நிற்கின்றன. அவற்றில் இரண்டைத் தருவது வளையத்தின் 12-ஆம் இடத்திலுள்ள குளூட்டாமேட் என்னும் அமினோ அமிலம். வடிவ மாற்றத்தின் பெரும்பகுதி இந்த ஒரு குளூட்டாமேட்டைப் பொறுத்தது. வளையத்தின் முன்பாதி அயனியை ஏற்க ஏற்கெனவே ஆயத்தமாக இருக்கிறது. குளூட்டாமேட்தான் தன் இடத்தைவிட்டு அயனியை நோக்கி நகர வேண்டும். அது நகரும்போது தன்னோடு ஒட்டிய சுருளின் நிலையும் மாறுகிறது.

கால்மோடுலினில் இத்தகைய கைகள் நான்கு. புரதத்தின் இரு பாதிகளான இரண்டு மடல்களில், மடலுக்கு இரண்டாக அமைந்திருக்கின்றன. மொத்தம் 148 அமினோ அமிலங்கள். கால்சியம் இல்லாதபோது ஒவ்வொரு கையின் இரு சுருள்களும் ஏறக்குறைய எதிரெதிர் திசையில் நெருங்கிக் கிடக்கின்றன. கால்சியம் வந்ததும் விலகி, கிட்டத்தட்ட செங்குத்தாகின்றன. உள்ளே மறைந்திருந்த, நீரை விரும்பாத பள்ளம் வெளியே தெரிகிறது. அந்தப் பள்ளத்தின் சுவரில் மெத்தியோனின் என்னும் அமினோ அமிலங்கள் நிறைந்திருக்கின்றன. மெத்தியோனினின் பக்கச் சங்கிலி எளிதில் வளைந்துகொடுக்கும். அதனால்தான் ஒரே பள்ளம் நூற்றுக்கணக்கான வெவ்வேறு புரதங்களைப் பிடிக்க முடிகிறது. 1992-இல் என்எம்ஆர் முறையில் (கரைசலிலுள்ள மூலக்கூறின் அமைப்பைக் காந்தப்புலத்தைக் கொண்டு அறியும் முறை) வெளிவந்த அமைப்பில், மயோசின் கைனேஸ் என்னும் நொதியின் ஒரு துண்டை இரு மடல்களும் இருபுறமிருந்தும் சுற்றி விழுங்கியிருப்பதைக் காணலாம். புரத உலகில் இவ்வளவு அழகான காட்சிகள் குறைவு என்பதை நான் மறுக்கவில்லை.

ஆனால் தொடக்கப் பாடமாக அதற்கு இரண்டு குறைகள் உண்டு. 1985-இல் வெளியான படிக அமைப்பில் இரு மடல்களுக்கும் நடுவே நீண்ட, விறைப்பான ஒரு சுருள் தெரிந்தது. கரலாக்கட்டை போன்ற அந்தப் படம் இன்றும் பாடநூல்களில் இருக்கிறது. கரைசலில் அந்தச் சுருளின் நடுப்பகுதி நெகிழ்ந்து வளைகிறது என்பதை என்எம்ஆர் பின்னர் காட்டியது. இரண்டாவது குறை இன்னும் முக்கியமானது. கால்சியம் இல்லாத கால்மோடுலினின் அமைப்பு 1995-இல்தான் கிடைத்தது. ‘பின்’ கையில் இருந்து, ‘முன்’ இல்லாமல் பத்தாண்டுகள் ஓடின.

ட்ரோபோனின்-சிக்கு இந்தச் சிக்கல் இல்லை. அதே 1985-இல் முத்தையா சுந்தரலிங்கத்தின் குழு கோழித் தசையிலிருந்தும், ஹெர்ட்ஸ்பெர்க்கும் ஜேம்ஸும் வான்கோழித் தசையிலிருந்தும் அதன் படிக அமைப்பை வெளியிட்டனர். இரண்டும் அமிலத்தன்மை கொண்ட கரைசலில் வளர்ந்த படிகங்கள். அதனால் அதன் இரு மடல்களில் ஒன்றில் இரண்டு கால்சியம் இருந்தன. மற்ற மடல் காலி. ஒரே மூலக்கூறில் ஒரு பாதி திறந்தும் மறுபாதி மூடியும் நின்றது! மாற்றத்தின் இரு முனைகளையும் ஒரே படத்தில் பார்க்கக் கிடைத்த அதிர்ஷ்டம் அது. அதை வைத்து 1986-இல் ஹெர்ட்ஸ்பெர்க், மவுல்ட், ஜேம்ஸ் மூவரும் ஒரு கணிப்பைச் சொன்னார்கள்: காலியான மடலுக்குக் கால்சியம் வந்தால் பி, சி என்னும் இரு சுருள்களும் சேர்ந்து விலகிப் பள்ளத்தைத் திறக்கும். எலும்புத் தசையின் ட்ரோபோனின்-சியில் அது அப்படியே நடக்கிறது என்று 1995-இல் என்எம்ஆர் உறுதிசெய்தது. திறந்த பள்ளம், சுருக்கத்தைத் தடுத்து நிற்கும் ட்ரோபோனின்-ஐ (Troponin I) என்னும் துணைப் புரதத்தின் ஒரு பகுதியைப் பிடித்து, தசை இழையான ஆக்டினிலிருந்து விடுவிக்கிறது; ஆக்டினில் வழியை மறித்துக் கிடந்த ட்ரோபோமயோசின் நகர்கிறது; இழுக்கும் புரதமான மயோசின் ஆக்டினைப் பற்றித் தசை சுருங்குகிறது.

எனக்கு இதைவிட மேலான காரணம் இதயத் தசையில் இருக்கிறது. இதய ட்ரோபோனின்-சியில் முதல் கை செயலிழந்தது. அதன் வளையத்தில் கால்சியத்தைப் பிடிக்க வேண்டிய இடங்களில் வேறு அமினோ அமிலங்கள். ஆகவே அந்த மடலில் ஒரே ஒரு கால்சியம்தான் ஒட்டும். ஒட்டியும் மடல் பெரும்பாலும் மூடியே இருக்கிறது. 1997-இல் தெரியவந்த இந்த முடிவு, ‘கால்சியம் வந்தால் கதவு திறக்கும்’ என்ற பாடநூல் வாக்கியத்தின் அடித்தளத்தையே அசைக்கிறது. நீரை விரும்பாத பள்ளத்தை நீரில் திறந்து வைக்க ஆற்றல் வேண்டும். ஒரு கால்சியம் தரும் ஆற்றல் போதவில்லை. ட்ரோபோனின்-ஐ வந்து பள்ளத்தில் அமரும்போதுதான் சமன் திறந்த பக்கம் சாய்கிறது. எலும்புத் தசைப் புரதத்தில் முதல் வளையத்தின் 12-ஆம் குளூட்டாமேட்டை அலனினாக மாற்றிய சோதனையும் இதையே காட்டியது: கால்சியம் ஒட்டியது, மடல் திறக்கவில்லை. ஒட்டுவது வேறு, திறப்பது வேறு என்ற இந்த உண்மையைக் கால்மோடுலினை மட்டும் படித்தவர் எளிதில் தவறவிடுவார். இது ஏட்டோடு நிற்கும் நுணுக்கமும் இல்லை. இதயச் செயலிழப்புக்குத் தரப்படும் லெவோசிமெண்டான் மருந்து இதே மடலில்தான் ஒட்டி, இருக்கும் கால்சியத்துக்கே தசை கூடுதலாக இசையும்படி செய்கிறது.

மருத்துவமனைகளில் மாரடைப்பைக் கண்டறியச் செய்யும் ‘ட்ரோபோனின் டெஸ்ட்’ இந்தப் புரதத்தை அளப்பதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். மெதுவாகச் சுருங்கும் எலும்புத் தசையிலும் இதே ட்ரோபோனின்-சி இருப்பதால் அது இதயத்துக்கான அடையாளமாகாது. அங்கே அளக்கப்படுவது ட்ரோபோனின்-ஐ அல்லது ட்ரோபோனின்-டி.

ஈ-எஃப் கைக்குப் பெயர் வரக் காரணமான பார்வால்புமினை இந்தப் போட்டியில் நான் சேர்க்கவில்லை. அது கால்சியத்தைப் பிடித்து வைத்திருக்கும் தாங்கி. அதன் வடிவ மாற்றம் சிறியது. மீன் ஒவ்வாமைக்குப் பெரும்பாலும் காரணமாவது இதுதான், சமைத்தாலும் எளிதில் சிதைவதில்லை என்பதற்காக அதைத் தனியே படிக்கலாம்.

ஆய்வுக்கூடத்திலும் இந்த இரண்டுக்கும் போட்டி உண்டு; அங்கே என் தீர்ப்பு அவ்வளவு நேரானதில்லை. உயிருள்ள செல்லில் கால்சியத்தை ஒளியாகக் காட்டும் உணர்விகளில், 1997-இல் ரோஜர் சியன் குழு உருவாக்கிய கேமலியானும் 2001-இல் வந்த ஜி-கேம்ப்பும் கால்மோடுலினின் வடிவ மாற்றத்தை நம்பியவை. நரம்பணு ஆய்வில் ஜி-கேம்ப் வகைகளின் வேகமும் பிரகாசமும் பெரிய பலம். ஒரு நொடிக்குள் எழுந்து அடங்கும் துடிப்பைப் பார்க்க வேண்டுமென்றால் நானும் அவற்றையே பரிந்துரைப்பேன். ஆனால் கால்மோடுலினுக்குச் செல்லுக்குள் உறவுகள் அதிகம். உணர்வியில் அடைபட்ட பிறகும் அது சில கால்சியம் வாயில்களோடு ஒட்டி, அளக்க வந்த சமிக்ஞையையே மாற்றிவிடக்கூடும். ட்ரோபோனின்-சிக்குத் தசைக்கு வெளியே அப்படிப்பட்ட கூட்டாளிகள் இல்லை. ஆலிவர் கிரீஸ்பெக் குழு 2004 முதல் அதைக் கொண்டு உணர்விகளைக் கட்டியதற்கு இதுவே முக்கியக் காரணம். ஒரே நரம்பணுவை வாரக்கணக்கில் பின்தொடர வேண்டிய ஆய்வாளர், பிரகாசத்தில் சற்று விட்டுக்கொடுத்தாலும் ட்ரோபோனின்-சி வகையை எடுத்துச் சோதித்துப் பார்ப்பது நல்லது.