லெவல் 2 முழங்கை, லெவல் 1 முட்டி: நாலு வருட ஏற்காடு ஓட்டம்

போன ஐப்பசி மழையில் ஏற்காட்டிலிருந்து பைக்கில் இறங்கும்போது விழுந்தேன். முழங்கையில் லெவல் 2 ஆர்மர், அதாவது ஜாக்கெட்டுக்குள் வைக்கிற, அடி தாங்கும் பேட்; முட்டியில் அதைவிடக் கீழான லெவல் 1. முழங்கை எலும்பில் விரிசல், நாலு வாரம் மாவுக்கட்டு. முட்டி கொஞ்சம் கன்றிப்போனது, அவ்வளவுதான். லெவல் பெரிசாக இருந்தால் பாதுகாப்பும் பெரிசு என்று மூன்று வருடம் நம்பிக்கொண்டிருந்தவன் நான். கட்டுப்போட்ட கையோடு வீட்டில் உட்கார்ந்திருந்தபோதுதான் ஜாக்கெட்டிலிருந்து ஒவ்வொரு பேடையும் உருவி, அதில் பொடி எழுத்தில் இருப்பதை எல்லாம் படிக்க ஆரம்பித்தேன். வாங்கும்போதே செய்திருக்க வேண்டிய வேலை.

எனக்கு சேலம் கன்னங்குறிச்சி. சிசிடிவி மாட்டுகிற தொழில். மேலே ரிசார்ட், எஸ்டேட் பங்களா என்று வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் மலை ஏறி இறங்குவேன், 150 சிசி வண்டி, அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. சுற்றுலா வருகிறவர்கள் மாதிரி மெதுவாக ரசித்துப் போகிற பயணம் இல்லை, சாயங்காலத்துக்குள் வீடு திரும்ப வேண்டும் என்கிற பயணம். அதனால்தான் ஜாக்கெட், முட்டி கார்டு எல்லாம் வாங்கினேன். கடைப்பையன் தொங்கவிட்டிருந்த அட்டையைக் காட்டி, "ஃபுல் சிஇ-ண்ணா, எல்லாமே லெவல் டூ-ண்ணா" என்றான். சிஇ என்பது ஐரோப்பியத் தரக் குறி. நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

அந்த "எல்லாமே" என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அட்டையை விடுங்கள், பேடையே வெளியே எடுத்துப் பாருங்கள். ஒழுங்கான பேட் என்றால் பைக் ஓட்டுகிற ஆள் படம் ஒன்று, பக்கத்தில் இஎன் 1621 என்று ஐரோப்பியத் தர எண் ஒன்று, லெவல் 1 அல்லது 2, அப்புறம் எந்த உறுப்புக்கானது என்று ஒரு எழுத்து இருக்கும். தோளுக்கு எஸ், முழங்கைக்கு இ, முட்டிக்கு கே, இடுப்புக்கு எச். வெறுமனே சிஇ என்ற இரண்டெழுத்து மட்டும் இருந்து அந்த எண் இல்லையென்றால் நான் அதை ஆர்மர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

எண்ணுக்குப் பின்னால் வருகிற ஒன்று, இரண்டு, மூன்றையும் கவனிக்க வேண்டும். 1621-1 கைகால் மூட்டுகளுக்கு, 1621-2 முதுகுக்கு, 1621-3 நெஞ்சுக்கு. கைகால், முதுகு இரண்டுக்கும் சோதனை ஏறக்குறைய ஒரே மாதிரிதான்: ஐந்து கிலோ எடையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து பேட் மேல் போடுவார்கள், 50 ஜூல் அடி. அம்மிக் குழவியை இடுப்பு உயரத்திலிருந்து முட்டி மேல் போட்டால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அந்த அடியில் எவ்வளவு விசை பேடைத் தாண்டி உள்ளே போகிறது என்று அளப்பார்கள். கைகாலில் சராசரி 35 கிலோநியூட்டனுக்குள் இருந்தால் லெவல் 1, 20-க்குள் இருந்தால் லெவல் 2. முதுகில் லெவல் 1-க்கே 18, லெவல் 2-க்கு வெறும் 9.

இப்போது கூட்டிக் கழித்துப் பாருங்கள். கைக்கான லெவல் 2 பேட் 20 வரை விடலாம், முதுகுக்கான லெவல் 1 பேட் 18-க்கு மேல் விடக்கூடாது. அதாவது தோளில் இருக்கிற "லெவல் 2"-ஐவிட முதுகில் இருக்கிற "லெவல் 1" கண்டிப்பானது. கடையில் "எல்லாமே லெவல் டூ" என்றால் எந்த லெவல் டூ என்று கேளுங்கள். இன்னொன்று, 20 கிலோநியூட்டன் என்பது ஏறக்குறைய இரண்டு டன் எடை ஒரு நொடியின் துணுக்கில் வந்து உட்காருகிற மாதிரி. லெவல் 2 போட்டால் எலும்பு உடையாது என்று எந்தத் தரச்சான்றும் சொல்லவில்லை, நாமாகத்தான் அப்படி நினைத்துக்கொள்கிறோம்.

முதுகு என்றதும் ஞாபகம் வருகிறது. முதல் ஜாக்கெட்டை ஒரு வருடம் கழித்துத் துவைக்கப் போட்டபோது முதுகுப் பையிலிருந்து ஒரு கறுப்பு ஸ்பாஞ்ச் வந்தது. எண் இல்லை, படம் இல்லை, ஒன்றுமே இல்லை. வீட்டுக்காரி அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "இத வெச்சுக்கிட்டாங்க ஒரு வருஷமா மலை ஏறுனீங்க? பாத்திரம் கழுவவாவது ஆகும், குடுங்க" என்றாள். தோளிலும் முழங்கையிலும் சான்று பெற்ற பேட், முதுகில் வெறும் பஞ்சு. நிறைய ஜாக்கெட்டுகள் இப்படித்தான் வருகின்றன, முதுகு ஆர்மரை நாம் தனியாக வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டும். வாங்கும்போது பையின் அளவையும் பாருங்கள். எஃப்பி என்றால் முழு முதுகு, சிபி என்றால் நடு முதுகு மட்டும். என் ஜாக்கெட் பையில் சிபி-தான் நுழைந்தது. இதுவும் நேராக விழுகிற அடியைத்தான் தாங்கும், விழும்போது முதுகெலும்பு முறுக்கிக்கொண்டாலோ மடங்கினாலோ இதனால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. இன்னொரு முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். அதுவரை டிரில் மெஷினை முதுகுப் பையில் போட்டுத்தான் மலை ஏறிக்கொண்டிருந்தேன். மல்லாக்க விழுந்திருந்தால் முதுகெலும்புக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஒரு இரும்பு மெஷின். இப்போது எல்லாம் வண்டியின் பக்கவாட்டுப் பெட்டிக்குள் போய்விட்டது.

சரி, விழுந்த கதை. மத்தியானம் மூன்று மணி, தூறல். ஒரு வளைவுக்கு முன்னால் பஸ் ஒன்று அகலமாக எடுத்துக்கொண்டு ஏறி வந்தது, நான் ஓரம் ஒதுங்கினேன், ஓரத்தில் மழை அரித்துக் கொண்டுவந்து போட்ட பொடிக்கல். முன் பிரேக்கைப் பிடித்தேன். வேகம் முப்பதுகூட இருக்காது. இடது பக்கமாகச் சாய்ந்து, முட்டியும் முழங்கையும் சேர்ந்து தரையில் அடித்து, ஒரு ஐந்தாறு அடி இழுத்துக்கொண்டு போனேன். பழம் விற்கிற அம்மா ஒருவர் குடையோடு ஓடி வந்து, "எந்திரிக்காத தம்பி, மொதல்ல காலை ஆட்டிப் பாரு" என்றார். கால் ஆடியது. கைதான் ஆடவில்லை.

ஜாக்கெட்டைக் கழற்றும்போது பார்த்தால் முழங்கை பேட் முழங்கையில் இல்லை, கையின் உட்பக்கம் திரும்பிக் கிடக்கிறது. காரணம் எனக்கு அங்கேயே தெரியும். மேலே குளிருமே, உள்ளே ஸ்வெட்டர் போடலாமே என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்கியிருந்தேன். சட்டைக்கைக்குள் பேட் தாராளமாகச் சுற்றும். தரை தொட்டவுடன் துணி ஒரு பக்கம் இழுக்க, பேட் அதோடு போக, எலும்பு மட்டும் தார் ரோட்டோடு நேருக்கு நேர். முட்டி கார்டு ஒரு பழைய லெவல் 1, ஆனால் பேண்ட் மேல் இரண்டு பட்டை போட்டு இறுக்கிக் கட்டுவது. அது அசையவே இல்லை.

நாலு வருட அனுபவத்தில் என்னால் உறுதியாகச் சொல்ல முடிந்தது இந்த ஒன்றுதான். சோதனைக்கூடத்தில் பேடை மேடையில் வைத்து அதன் மேல்தான் அடிக்கிறார்கள். ரோட்டில் அது எலும்பின் மேல் இருக்குமா என்பது நம் சைஸைப் பொறுத்தது. இப்போது யாராவது என்னை ஜாக்கெட் வாங்கக் கூட்டிக்கொண்டு போனால் லெவலைக் கடைசியாகத்தான் பார்க்கிறேன். முதலில் வண்டி ஓட்டுகிற மாதிரி கையை முன்னால் நீட்டச் சொல்வேன். முழங்கை பேடைப் பிடித்து உள்ளேயும் வெளியேயும் திருகிப் பார்ப்பேன், எலும்பு நுனி அதன் குழிக்குள்ளேயே நிற்க வேண்டும். முட்டியை நின்றுகொண்டு பார்க்காதீர்கள், உட்கார்ந்து பாருங்கள். நிற்கும்போது சரியாக இருக்கிற பேட், உட்கார்ந்தால் தொடைக்கு ஏறிவிடும். லேபிளில் டைப் ஏ, டைப் பி என்றும் இருக்கும், ஏ சின்னது, பி பெரிசு. கை ஒல்லியாக இருந்தாலும் சட்டைக்கை கொள்ளுமென்றால் பி நல்லது, கொஞ்சம் நகர்ந்தாலும் எலும்பை மூடியிருக்கும். பழைய ஜாக்கெட்டைத் தூக்கிப்போட மனசில்லாமல் அம்மாப்பேட்டையில் தெரிந்த தையல்காரரிடம் கொடுத்தேன். வெளித்துணியின் தையலைத் தொடாமல், உள்லைனிங்கில் மட்டும் பேட் பையை இறுக்கி, முழங்கைக்கு மேலும் கீழும் ஒட்டும் பட்டை வைத்துக் கொடுத்தார். வெளித்தையலைப் பிரித்தால் உரசலில் அங்கேதான் முதலில் கிழியும், அதை மட்டும் யாரும் செய்ய வேண்டாம்.

உரசல் வேறு கணக்கு. பேட் அடியை வாங்கும், தோல் உரியாமல் காப்பது துணி. அதற்கு இஎன் 17092 என்று 2020-இல் வந்த தரம், ஏஏஏ, ஏஏ, ஏ என்று இறங்கும். சி என்று ஒரு வகுப்பும் உண்டு, டிஷர்ட் மேல் போட்டுக்கொள்கிற வலைச்சட்டை ஆர்மர் அதில்தான் வரும். அடிக்கு உதவும், வழுக்கி இழுத்துக்கொண்டு போனால் வலை நிற்காது. வெயிலுக்கு வசதி என்று அதை மட்டும் போட்டுக்கொண்டு ஏறுகிற பசங்களை அடிவாரத்தில் தினமும் பார்க்கிறேன்.

நடுவில் ஒரு கிளைக்கதை. சிஆர்பிஎஃப்-இல் இருந்து ஓய்வுபெற்ற சித்தப்பா கையைப் பார்க்க வந்தார். லெவல், லெவல் என்று நான் புலம்பியதைக் கேட்டுவிட்டு, "எங்க ஜாக்கெட்டுக்கும் லெவல் உண்டுடா, அங்கயும் இதே கூத்துதான்" என்றார். அதற்கப்புறம் ஆர்வத்தில் படித்தேன். குண்டு துளைக்காத உடைக்கு அமெரிக்காவின் என்ஐஜே தரம், 2008 பதிப்பில் 2ஏ, 2, 3ஏ, 3, 4 என்று போகும். 3ஏ கைத்துப்பாக்கிக் குண்டை நிறுத்தும், ரைஃபிள் குண்டை நிறுத்தாது. ரைஃபிளுக்கு 3-உம் 4-உம், அதற்குக் கனமான தகடு வேண்டும். இந்தக் குழப்பம் வேண்டாம் என்றுதானோ என்னவோ, 2023-இல் வந்த புதுப் பதிப்பில் கைத்துப்பாக்கிக்கு எச்ஜி, ரைஃபிளுக்கு ஆர்எஃப் என்று பெயரையே பிரித்துவிட்டார்கள். கத்திக்குத்துக்குத் தனித் தரம், குண்டைத் தடுக்கிற உடை கத்தியைத் தடுக்கும் என்று சொல்ல முடியாது. நம் ஊரிலும் 2018-இல் ஐஎஸ் 17051 என்று ஆறு நிலைகளோடு ஒரு தரம் வந்திருக்கிறது. எனக்குப் பிடித்த விவரம் இது: குண்டு நின்றுவிட்டால் மட்டும் என்ஐஜே-யில் பாஸ் இல்லை, உடைக்குப் பின்னால் வைத்த களிமண்ணில் 44 மில்லிமீட்டருக்கு மேல் குழி விழக்கூடாது. குண்டு நின்றாலும் அடி உள்ளே போகிறது என்று அவர்களே ஒப்புக்கொள்கிற கணக்கு. சித்தப்பா சொன்னது வேறு: "எவ்வளவு உசந்த தகடா இருந்தாலும் கனம் தாங்காம கழட்டி வெச்சா அது சும்மா தகடுதான்."

அது சேலம் வெயிலுக்கு அப்படியே பொருந்தும். ஏப்ரல் மாதம் அஸ்தம்பட்டி சிக்னலில் ஜாக்கெட்டோடு நின்று பாருங்கள். இரண்டாவது வருடக் கோடையில் முட்டி கார்டைப் பெட்டியில் போட்டுவிட்டு, அடிவாரம் வந்ததும் கட்டிக்கொள்ளலாம் என்று போவேன். பாதி நாள் கட்டியதே இல்லை. தடிமனான லெவல் 2 முட்டியை வாங்கிக் கழற்றி வைப்பதைவிட மெல்லிசான லெவல் 1-ஐக் காலையிலிருந்து ராத்திரி வரை கட்டியிருப்பது மேல் என்று நான் முடிவெடுத்தது அப்போதுதான். முதுகில் மட்டும் சமரசம் இல்லை, ஓட்டை ஓட்டையாகக் காற்று போகிற லெவல் 2 போட்டிருக்கிறேன், கனம் தெரியும்தான், பழகிவிட்டது.

வெயிலில் இன்னொரு சிக்கல். இப்போது வருகிற மெத்து மெத்தென்ற ஆர்மர்கள், டி3ஓ என்கிற பிராண்ட் மாதிரி, சாதாரணமாக வளையும், அடி விழுந்த கணத்தில் இறுகும். இந்த வகையில் சூட்டுக்கு இளகுவது, குளிருக்கு விறைப்பது எல்லாம் உண்டு. அதனால் லேபிளில் டி பிளஸ் என்று ஒரு குறி இருக்கிறதா பாருங்கள், 40 டிகிரியிலும் சோதித்துத் தேறியது என்று அர்த்தம். டி மைனஸ் என்பது பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரி, ஏற்காடு மார்கழிக்கும் அது தேவைப்படாது. எனக்கு டி பிளஸ்தான் முக்கியம். ஜாக்கெட்டை வெயிலில் வண்டி சீட் மேல் விரித்துப் போடுகிற பழக்கத்தையும் விட்டுவிட்டேன்.

விழுந்த முழங்கை பேடை மறுபடி போடவில்லை. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அடி வாங்கிய ஹெல்மெட்டை மாற்றுகிறோம் இல்லையா, அதே காரணம். துவைக்கும்போது பேட் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத்தான் துவைக்கிறேன், திரும்ப வைக்கும்போது இடது வலது மாறாமல் மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன்.

இப்போதைக்கு ஜாக்கெட்டின் நெஞ்சுப் பைகள் இரண்டும் காலி. 1621-3 போட்ட இரண்டு துண்டு பேட் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன், அதையும் போட்டால் மே மாதம் எப்படித் தாங்குமோ தெரியவில்லை. முதலில் முட்டி கார்டுக்கு இடது பட்டை மாற்ற வேண்டும், எலாஸ்டிக் தொய்ந்துவிட்டது, மழை ஆரம்பிப்பதற்குள் அம்மாப்பேட்டைக்குப் போக வேண்டும்.