பழைய ரிவால்வருக்குத் தொழிற்சாலைக் கடிதம்: எண் பொருந்தாதபோது எவ்வளவு உதவும்?

அமெரிக்கத் துப்பாக்கி நிறுவனமான கோல்டின் ஆவணப் பிரிவும், இன்னொரு நிறுவனமான ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் வரலாற்று அறக்கட்டளையும், கட்டணம் வாங்கிக்கொண்டு பழைய பேரேடுகளைப் புரட்டி, ஒரு ரிவால்வரின் பிறப்பு விவரத்தைக் கடிதமாக எழுதித் தருகின்றன. அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் பெரிதும் நம்பும் சேவை. பாகங்களில் அடித்திருக்கும் வரிசை எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் துப்பாக்கிக்குக் கொடுத்த காசு வீண்போகாது. ஆனால் கடிதம் சான்று சொல்வது எண்ணுக்குத்தான். கையில் இருக்கும் இரும்புக்கு அல்ல.

கோல்ட் கடிதத்தில் காலிபர் (பேரல் துளையின் அளவு), பேரல் நீளம், மேற்பூச்சு, கைப்பிடி வகை, அனுப்பிய தேதி, பெற்றுக்கொண்டவர் ஆகியவை இருக்கும். சிலிண்டரில் (தோட்டாக்கள் அமரும் சுழல் உருளை) என்ன எண் என்று ஒரு வரிகூட இருக்காது. அதே நீளமுள்ள வேறொரு பேரலை யாரோ மாட்டியிருந்தாலும் கடிதம் அச்சாகப் பொருந்தும். அதனால் எண்களைப் பார்க்கும் வேலையை விண்ணப்பத்துக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

கோல்ட் 1851 நேவியில் பேரல், ஃபிரேம் (நடு உடல்), ட்ரிகர் கார்டு (விசையைச் சுற்றிய வளையம்), பேக்ஸ்ட்ராப் (கைப்பிடியின் பின்பக்க உலோகப் பட்டை) நான்கிலும் முழு எண் இருக்கும். பேரலைப் பிடித்து நிறுத்தும் ஆப்பு போன்ற சிறு பாகங்களில் கடைசி இலக்கங்கள் மட்டும் இருப்பது இயல்பு. அதைக் குறையென்று எண்ணி விலை பேசுவது தவறு. கோல்டின் மற்றொரு மாடலான சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மியில் ஃபிரேமின் அடி, ட்ரிகர் கார்டு, பேக்ஸ்ட்ராப் ஆகிய மூன்றையும் பாருங்கள். ஆரம்பகாலத் துப்பாக்கி என்றால் பேரலிலும் சிலிண்டரிலும்கூட எண் உண்டு. ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் கைப்பிடி அடி, சிலிண்டரின் பின்முகம், பேரல், வலது கைப்பிடிப் பலகையின் உட்புறம். பலகையைக் கழற்றக் கத்தி முனையை விட்டு நெம்பினால் விளிம்பு சிதறும். திருகைச் சில சுற்று தளர்த்தி, அதன் தலையில் மரப்பிடியால் மெல்லத் தட்டினால் எதிர்ப்பக்கப் பலகை தானே எழும்பும்.

எண் பொருந்தாததெல்லாம் மோசடி அல்ல. அமெரிக்க ராணுவத்திடம் இருந்த சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மிகளை 'ஆர்ட்டிலரி' ரகமாக்க, 7½ அங்குல பேரலை 5½ ஆக வெட்டிப் புதுப்பித்தபோது பெரும்பாலும் பாகங்களைக் கலந்தேதான் மீண்டும் பூட்டினார்கள். அந்த வகையில் எல்லா எண்ணும் ஒத்திருந்தால்தான் கூடுதலாகச் சோதிக்க வேண்டும்! பழைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன்களில் பாகங்களைச் சேர்க்கும்போது இட்ட தனிக் குறிகளும் உண்டு; அவற்றை வரிசை எண்ணாக எடுத்துக்கொண்டு குழம்புவோர் ஏராளம்.

எண்ணே இல்லையென்றால் இந்தச் சேவையால் பயனில்லை, பேரேட்டில் தேட வேறு வழி கிடையாது. அமெரிக்காவில் எல்லாத் துப்பாக்கிக்கும் எண் கட்டாயமானது 1968 சட்டத்தால்தான். 19ஆம் நூற்றாண்டின் மலிவான பாக்கெட் ரிவால்வர்கள் சிலவற்றில் எண் ஒருபோதும் இருந்ததில்லை. கோல்ட் ஃபிரேமில் இல்லையென்றால் கதை வேறு. பத்து மடங்கு பூதக்கண்ணாடியில், சாய்வான வெளிச்சத்தில் அந்த இடத்தைப் பாருங்கள்: சுற்றுப் பரப்பைவிடச் சற்றுப் பள்ளமாக இருந்தால் தேய்த்திருக்கிறார்கள். பக்கத்து உலோகம் மங்கிக் கிடக்க இலக்கத்தின் உள்தளம் மட்டும் பளிச்சென்று இருந்தாலோ, ட்ரிகர் கார்டில் உள்ள 3-க்கும் ஃபிரேமில் உள்ள 3-க்கும் வடிவம் மாறினாலோ, பிற்பாடு அடித்த எண் என்றே சந்தேகிக்க வேண்டும். அப்படிப்பட்ட துப்பாக்கிக்குக் கடிதம் வாங்கினால், வேறொரு துப்பாக்கியின் வரலாறுதான் வந்துசேரும்.

1864 பிப்ரவரியில் கோல்ட் தொழிற்சாலை எரிந்தது. தொப்பி வெடிப்பு (சிறு உலோகத் தொப்பியைத் தட்டி மருந்தைப் பற்றவைக்கும் பழைய முறை) ரகங்களின் பதிவுகளில் பெரிய இடைவெளிகள் இருக்கின்றன. எனவே 1851 நேவி, 1860 ஆர்மி வைத்திருப்பவர்கள் தங்கள் எண்ணுக்குப் பதிவு உண்டா என்று முதலில் கேட்டுவிட்டுப் பணம் கட்டுவது நல்லது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் அக்காலத்தில் ஒரே எண் பல மாடல்களில் வரும். எண்ணோடு மாடல், காலிபர், பேரல் நீளம், தெளிவான படங்கள் எல்லாவற்றையும் சேர்த்தே அனுப்புங்கள்.