சாப்பாட்டுப் பெட்டிக்கு முட்டையா, சோயாமீற்றா?

இறைச்சியே வேண்டாம் என்று அடம்பிடிக்கிற பிள்ளைக்குப் பிட்டோடு என்ன கட்டிக் கொடுப்பது? யாழ்ப்பாணத்துத் தாய்மார் பலருக்கு இதுதான் காலைத் தலையிடி. தான் வளர்த்த கோழி கறிச்சட்டிக்குள் போனதைக் கண்ட பிள்ளையை வற்புறுத்தவும் முடியாது.

வேலை: முட்டை பத்து நிமிடத்தில் அவிந்துவிடும். சோயாமீற்றை, அதாவது சோயா மாவில் செய்த இறைச்சிபோன்ற உலர்ந்த துண்டுகளை, சுடுதண்ணீரில் ஊறவைத்து இரண்டு மூன்று தரம் இறுக்கிப் பிழிய வேண்டும். இல்லாவிட்டால் வாடை போகாது. பிறகு கறித்தூளும் கறிவேப்பிலையும் போட்டுத் தண்ணீர் வற்றப் பிரட்டினால், பிள்ளை கேட்டு வாங்கும்.

சத்து: ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம், கூடவே பி12 விற்றமின். உலர்ந்த சோயாமீற்றின் எடையில் ஏறக்குறைய பாதி புரதம்தான்; ஆனால் பி12 இயல்பாக இல்லை.

வகுப்பறை: முட்டைப் பெட்டியைத் திறந்தால் பக்கத்துப் பிள்ளை மூக்கைப் பொத்தும். சோயாவில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் இறைச்சிபோல் கடிபடுகிறதென்றே சிலர் துப்பிவிடுவார்கள்.

நாள்: வெள்ளியும் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாவின் 25 நாளும் மச்சம் (மீன், இறைச்சி, முட்டை) விலக்கும் வீடுகளில் முட்டைக்கு இடமில்லை.

மணம்தான் பிரச்சினை என்றால் சோயா. கடிபடுவது பிடிக்காதென்றால் வெங்காயம் போட்ட முட்டைப் பொரியல். முட்டையையும் தொடாத பிள்ளைக்கு, பி12 கிடைக்க, சோயாவோடு பாலும் தயிரும் கட்டாயம்.