கைவிட்ட தேயிலை மலையில பைனஸ் (பைன் மரம்) நடுறதா, காட்டு மரம் நடுறதா?

இலங்கை மலையகத்துல பொகவந்தலாவ பக்கம் ரெண்டு மூணு பேர் இதையே கேட்டுட்டாங்க.

செலவு: பைனஸ் மோசமான மண்ணுலயும் புடிச்சுக்கும், பாடு கம்மி. நாவல், கீனா மாதிரி காட்டு மரம்னா மொத சில வருசம் மானாப்புல்லு வெட்டிக்கிட்டே இருக்கணும், கூலி போகும்.

தீ: பைனஸ் அடியில காஞ்ச ஊசி இலை மெத்தையா கெடக்கு, கைய விட்டா மணிக்கட்டு வரைக்கும் உள்ள போவுது, பிசினும் இருக்கு, மாசி வெயில்ல ஒரு பீடித்துண்டு போதும். காட்டு மரத்தடி ஈரமா இருக்கும்.

உசுருங்க: பைனஸ்ல குருவி குரங்கு திங்க பழமே இல்ல. நாவல் பழுத்தா பாருங்க!

பலகைக்குன்னா பைனஸ் சரி, பீலியில (தண்ணி விழுற குழா) வர்ற ஊத்துக்கு மேல கண்டிப்பா காட்டு மரம்தான். ஏற்கனவே பைனஸ் நிக்கிதா, மொத்தமா வெட்டாம நடுவுல எடம் விட்டு நாட்டு மரம் வைங்க, சிங்கராஜ மழைக்காட்டு ஓரத்துல அப்படி வச்சு வளந்திருக்கு.