இதய வடிவ மோதிரம்: ஒரே கல்லா, இரண்டு துளிகளா, தங்க இதயமா?

இதய வடிவ நிச்சயதார்த்த மோதிரம் என்று தேடினால் படங்கள் வந்து குவியும். பார்க்க எல்லாம் ஒன்றுபோலத் தோன்றினாலும் அதில் பல ரகங்கள் கலந்து கிடக்கும். ஒரே கல்லை இதயமாகப் பட்டை தீட்டியது ஒரு ரகம். இரண்டு துளி வடிவக் கற்களைச் சாய்த்து, நுனிகளைச் சேர்த்து வைத்தது இன்னொன்று. தங்கத்தையோ பிளாட்டினத்தையோ இதயமாக வளைத்து நடுவில் சின்னக் கல் வைத்தது மூன்றாவது. பொடிக் கற்களை நெருக்கிப் பதித்து இதயமாக்கியதும் உண்டு. தூரத்தில் பெரிய கல் போலக் காட்டும், கிட்டே வந்தால் சாயம் வெளுத்துவிடும். அதை இங்கேயே விட்டுவிடுகிறேன்.

ஒரே கல்லில் வருகிற இதயம்தான் மூன்றிலும் அழகு. வாங்குவதில் அதிகம் சறுக்குகிற இடமும் அதுதான். முட்டை வடிவக் கல் லேசாகக் கோணியிருந்தால் யாருக்கும் தெரியாது. இதயம் அப்படியில்லை, குழந்தைகூட வரைகிற வடிவம் என்பதால் ஒரு பக்கம் அரை மில்லிமீட்டர் இறங்கினாலே கண் கண்டுபிடித்துவிடும். அதனால் இந்த ஒரு வெட்டில் மட்டும், கல்லின் நிறத்தையும் சுத்தத்தையும் விட வெளிக்கோட்டுக்குத்தான் முதல் மரியாதை.

வெளிக்கோடு என்றால் என்ன பார்ப்பது? மேலே இருக்கும் இரண்டு வளைவுகளும் ஒரே உயரம், ஒரே அகலம். நடுப் பிளவு கூர்மையாகவும் போதிய ஆழத்தோடும் இருக்க வேண்டும். ஆழம் குறைந்தால் மோதிரத்தில் ஏறியதும் இதயம் முக்கோணமாகத் தெரியும். பக்கங்கள் லேசாக உப்பி, நுனி கூராக முடிய வேண்டும். நீளத்தை அகலத்தால் வகுத்தால் 1.00-ஐ ஒட்டி வருவது கண்ணுக்கு இதமான அளவு. 0.90-க்குப் போனால் குட்டையாகக் குந்தியிருக்கும், 1.10-ஐத் தாண்டினால் இழுத்துவிட்ட மாதிரி ஆகும். கடைக்காரர் அனுப்பும் படத்தைத் திரையில் பெரிதாக்கி, ஓர் அட்டையால் பாதியை மறையுங்கள். பிறகு மறுபாதியை மறையுங்கள். இரண்டு பாதியும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக இல்லையென்றால் அடுத்த கல்லுக்குப் போகலாம். சான்றிதழ் இதற்கு அவ்வளவாக உதவாது. வைரங்களைத் தரம் பார்த்துச் சான்று தரும் அமைப்பான ஜிஐஏ-வின் அறிக்கையில் வெட்டின் தரம் என்ற வரி காலங்காலமாக வட்ட வைரத்துக்குத்தான் வந்திருக்கிறது. இதயத்துக்கு மெருகும் சமச்சீரும் மட்டும் குறிப்பிடுவார்கள். சமச்சீர் நன்று என்று போட்டிருந்தும் பார்க்கச் சப்பையாக இருக்கும் இதயங்கள் உண்டு.

அடுத்தது அளவு. இங்கே கேரட் என்பது கல்லின் எடை, தங்கத்தின் சுத்தம் அல்ல. அரை கேரட் இதயம் குறுக்கே ஏறத்தாழ 5 மில்லிமீட்டர்தான். அதைப் பிடிக்க ஐந்து கொக்கிகள் வந்து உட்கார்ந்தால் இதயம் போய் ஒரு பொட்டு மிஞ்சும். ஒரு கேரட் என்றால் சுமார் 6.5 மில்லிமீட்டர், அங்கிருந்துதான் கை நீட்டிய தூரத்திலும் வடிவம் பேச ஆரம்பிக்கிறது. ஒரு கேரட்டுக்குக் கீழே ஒரே கல் இதயம் வேண்டாம் என்பது என் கட்சி. முக்கால் கேரட் போதும் என்பவர்கள் கல்லை நேரில் விரல்மேல் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

பட்ஜெட் அங்கே எட்டவில்லையா? அப்போதுதான் இரண்டு துளிகள் போட்டிக்கு வருகின்றன. இரண்டு சிறிய கற்கள் சேர்ந்து ஒரு பெரிய கல்லின் பரப்பைக் காட்டும். எடை கூடக் கூட ஒரு கேரட்டுக்கான விலையும் ஏறும் என்பதால் இரண்டு சின்னக் கற்கள் அதே எடையுள்ள ஒற்றைக் கல்லை விட மலிவாகவே முடியும். ஒரு துளி வைரம், ஒரு துளி நீலக்கல் என்று மாற்றி வைத்தால் ஒரே கல்லால் தர முடியாத அழகு அதில் வரும். குறை என்ன? நடுவில் ஒரு கோடு. படத்தில் அது தெரியாது, கையில் தெரியும். சோப்பும் கிரீமும் அந்த இடுக்கில்தான் போய்ச் சேரும். வாராவாரம் மிருதுவான பிரஷ்ஷால் தேய்க்கப் பொறுமை வேண்டும். அப்புறம், ஒரு கல் விழுந்தால் அதே நிறத்தில், அதே வளைவில் ஜோடி தேடி அலைய வேண்டியிருக்கும்.

தங்க இதயம் கைவேலை அதிகம் உள்ளவர்களுக்கு. உடையக் கூரான நுனி கிடையாது, தாழ்வாக உட்காரும், அளவு மாற்றுவதும் பெரும்பாலும் எளிது. அயர்லாந்தின் கால்வே பகுதியில் பிறந்த கிளாடா மோதிரம் இந்த வகையின் மூத்த பிள்ளை: இரண்டு கைகள் ஓர் இதயத்தைப் பிடித்திருக்கும், மேலே கிரீடம். ஆனால் கல் ஜொலிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிற பெண்ணுக்கு இதைக் கொடுத்தால் முகம் சுருங்கும். முதலில் அவரிடம் கேட்டுவிடுவது உத்தமம்.

கூச்ச சுபாவிகளுக்கு ஒரு குறுக்கு வழியும் இருக்கிறது. மிகத் துல்லியமாக வெட்டிய சில வட்ட வைரங்களை அதற்கான கருவியில் கவிழ்த்துப் பார்த்தால் எட்டு இதயங்கள் தெரியும், மேலிருந்து பார்த்தால் எட்டு அம்புகள். வெறும் கண்ணுக்கு அந்த இதயங்கள் தெரியாது, விஷயம் உங்கள் இருவருக்குள் மட்டும்.

கல் எது என்ற கேள்விக்கு வருவோம். இயற்கை வைரமும் ஆய்வகத்தில் வளர்த்த வைரமும் வேதியியலில் ஒன்றுதான்; கருவி இல்லாமல் பிரித்துச் சொல்ல முடியாது. இதயத்துக்கு அளவு முக்கியம் என்பதால் ஆய்வக வைரத்துக்கே என் ஓட்டு. அதே பணத்தில் பெரிய கல், வடிவத்தில் கறாராக இருக்கவும் வசதி. பிற்பாடு விற்றால் ஒன்றும் பெரிதாகத் தேறாது, அதைத் தெரிந்துகொண்டே வாங்க வேண்டும். வைரம் போலவே தோன்றும் வேறொரு கல்லான மாய்சனைட், கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் 9.25, வைரம் 10. தினம் அணியப் போதுமானது. ஆனால் அது வைரத்தை விட அதிகமாக வானவில் நிறங்களைத் தெறிக்கும். பெரிய இதயத்தில் அந்த மினுமினுப்பே வெளிக்கோட்டை அமுக்கிவிடும் என்பது என் எண்ணம். நீலக்கல்லின் கடினம் 9. அடர்நிற இதயம் தனி அழகு, வடிவமும் நன்றாக எடுபடும். நடுவில் கண்ணாடி போல ஊடே தெரியும் மெலிந்த வெட்டை மட்டும் தவிர்த்தால் சரி. வைரத்தில் நிறம் நுனியில்தான் தேங்கிக் காட்டும், எனவே வெள்ளை உலோகமானால் நிறத் தரத்தில் ஏறக்குறைய நிறமற்ற ஜி அல்லது எச், மஞ்சள் தங்கமானால் இன்னும் இரண்டு படி இறங்கலாம். சுத்தத்தில், மிகச் சிறு குறைகள் மட்டும் உள்ள விஎஸ்2 தரம் தாராளம். நுனியில் பிசிறு இருக்கிற கல்லை மட்டும், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் தொடாதீர்கள்.

காரணம் எளிது. வைரம் கீறாதே தவிர, சரியான கோணத்தில் அடி விழுந்தால் பிளக்கும். மெல்லிய நுனி அதற்குத் தோதான இடம். ஆங்கில வி எழுத்து வடிவில் நுனியை மூடும் கொக்கி கட்டாயம். அது தங்கத்தை விட பிளாட்டினத்தில் இருந்தால் நல்லது. சுற்றிலும் விளிம்பு கட்டிப் பதிப்பது பாதுகாப்பில் முதலிடம், ஆனால் வேலை தடித்துப் போனால் பிளவு மழுங்கும். கல்லைச் சுற்றிப் பொடிக் கல் வளையம் வைக்கும் ஹேலோ பெரிதாகக் காட்டும், ஆனால் நீங்கள் தேடிப் பிடித்த கூர்மையை அதுவே விழுங்கும். ஆக, ஐந்து கொக்கி, நுனிக்கு மூடி, ஹேலோ இல்லை.

நுனி எந்தப் பக்கம் என்பதில் இரண்டு கட்சி. மணிக்கட்டை நோக்கி இருந்தால் அணிந்தவருக்கு இதயம் நேராகத் தெரியும், விரல் நுனியை நோக்கி இருந்தால் எதிரே நிற்பவருக்கு. தினம் பார்க்கப்போவது அணிந்தவர்தானே. ஆனால் கல் தாழ்வாக இருந்தால் மணிக்கட்டுப் பக்கம் நீளும் நுனி, பின்னால் சேர்த்துப் போடப்போகும் கல்யாண மோதிரத்தில் இடிக்கும். கல்லை ஒரு மில்லிமீட்டர் உயர்த்தியோ, இரண்டாவது மோதிரத்தை வளைத்தோதான் சரிசெய்ய முடியும், ஆகவே ஆர்டர் கொடுக்கும்போதே இரண்டு மோதிரத்துக்கும் சேர்த்து அளவு சொல்லிவிடுங்கள்.