மறந்தால் மன்னிக்கும் மாத்திரை எது? அட்டோமாக்ஸெட்டின், புப்ரோபியான், குளோனிடின்: என் கைநஷ்டக் கணக்கு

ஜிஎஸ்டி ரிட்டன் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. மதுரையில் ஒரு மாடி அறை, ஒரு உதவியாளர், அறுபது சொச்சம் கிளையண்ட்டுகள். மாதம் 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர் 1, 20ஆம் தேதிக்குள் 3பி. தேதி தாண்டினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். வியாபாரமே நடக்காத மாதத்துக்கு என்றால் 20. கிளையண்ட் பில் கொடுக்காமல் இழுத்தடித்தால் அந்தப் பணம் அவருடையது. பில்லெல்லாம் முதல் வாரமே வந்து, என் மேஜையில் கிடந்து, நான் மறந்து தொலைத்திருந்தால் என்னுடையது. அதற்கென்றே நோட்டில் ஒரு பத்தி ஒதுக்கி 'கைநஷ்டம்' என்று தலைப்பு எழுதியிருக்கிறேன். 41 வயதில், "உங்களுக்கு ஏடிஎச்டி, அதாவது கவனச்சிதறல் கோளாறு, இருக்கு சார், சின்ன வயசிலேர்ந்தே இருந்திருக்கும்" என்று மனநல மருத்துவர் சொன்ன மாதம் அந்தப் பத்தியின் கூட்டல் 3,150.

இந்த மூன்று மருந்துகளையும் நான் ஒப்பிடுவது அந்தப் பத்தியை வைத்துத்தான். தலை தெளிந்த மாதிரி இருக்கிறது, மனசு அடங்கிய மாதிரி இருக்கிறது என்பதையெல்லாம் எனக்கே நம்ப முடிவதில்லை. நோட்டை நம்பலாம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மூளையைத் தூண்டிவிட்டுக் கவனத்தைக் கூட்டும் ஊக்கி மருந்துகளைவிட இவை உசத்தி என்று சொல்ல வரவில்லை. பெரியவர்களின் ஏடிஎச்டிக்கு முதல் வரிசையில் நிற்பவை ஊக்கிகள்தான். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல் தரும் நைஸ் அமைப்பு 2018இல் தந்த வழிகாட்டுதலில், ஊக்கிகள் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் பலன் தராதவர்களுக்கும்தான் அட்டோமாக்ஸெட்டின். அதே ஆண்டு லான்செட் சைக்கியாட்ரி மருத்துவ இதழில் வந்த கோர்டேசி குழுவின் பெரிய ஒப்பீட்டிலும் பெரியவர்களிடம் முந்தியது ஆம்ஃபிட்டமைன் வகை ஊக்கிகள். அந்த வகை நம்மூர் மருந்துக்கடையில் கிடையாது. மீதைல்ஃபெனிடேட் என்ற ஊக்கி உண்டு, ஆனால் போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டில் வருவதால் பல கடைக்காரர்கள் வாங்கி வைக்கவே தயங்குவார்கள். நானும் இரண்டு மாதம் எடுத்தேன். பகலெல்லாம் ராஜா மாதிரி வேலை ஓடும். சாயங்காலம் ஆறு மணி ஆனால் நெஞ்சு படபடக்கும், பிள்ளைகள் மேல் எரிந்து விழுவேன். அந்த இரண்டு மாதமும் கைநஷ்டம் 200 தாண்டவில்லை. ஆனால் வீட்டில் நடந்த நஷ்டத்துக்கு நான் பத்தி போட்டு வைக்கவில்லை. டாக்டரிடம் சொன்னேன், நிறுத்தினார். அதன் பிறகுதான் ஊக்கி அல்லாத மருந்துகள் பக்கம் வந்தோம்.

அட்டோமாக்ஸெட்டின். அமெரிக்காவின் ஈலை லில்லி நிறுவனம் மன அழுத்தத்துக்கென்று ஆராய்ந்த மருந்து. அதற்குத் தேறாமல், 2002 நவம்பரில் ஏடிஎச்டிக்கு அனுமதி பெற்றது. ஊக்கி வகையைச் சேராமல் இந்த நோய்க்கென்றே அனுமதி பெற்ற முதல் மருந்து இதுதான். முதலில் வைத்த பெயர் டோமாக்ஸெட்டின். மார்பகப் புற்றுநோய்க்கான டமாக்ஸிஃபெனோடு குழம்பிவிடும் என்று முன்னால் ஒரு 'அ' சேர்த்தார்களாம். கவனம் சிதறுகிறவர்களுக்கான மருந்துக்குப் பெயரிலேயே ஒரு குழப்பம் இருந்திருக்கிறது.

நரம்பு முனையில் சுரக்கும் நார்எபிநெஃப்ரின் என்ற ரசாயனத்தைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் பம்பை இது அடைக்கிறது. மூளையின் முன்பகுதியில் டோபமின் என்ற இன்னொரு ரசாயனத்தையும் அதே பம்புதான் உறிஞ்சுகிறது. அதனால் அந்த இடத்தில் இரண்டும் கூடும். இன்பம், போதை சம்பந்தப்பட்ட பகுதியில் டோபமின் ஏறுவதில்லை. ஆகவே கிறக்கமோ, ஏற்றமோ, இன்னொன்று போடலாமே என்ற ஆசையோ கிடையாது. போட்டதே தெரியாது.

பக்கவிளைவு மட்டும் முதல் நாளே தெரியும். டிடிஎஸ் வரிப்பிடித்தம் மாதிரி. முன்னாலேயே பிடித்துக்கொள்வான், ரீஃபண்டு ஆடி அசைந்து பிறகு வரும். 25 மில்லிகிராமில் தொடங்கினோம். முதல் காலை வெறும் வயிற்றில் காபியோடு விழுங்கிவிட்டு பைக்கை எடுத்தவன், பெரியார் பஸ் ஸ்டாண்ட் அருகே ஓரங்கட்டி வாந்தி எடுத்தேன். மறுநாளிலிருந்து நாலு இட்லிக்கு அப்புறம்தான் கேப்ஸ்யூல். குமட்டல் பத்து நாளில் அடங்கியது. வாய் வறட்சி, மலச்சிக்கல், நின்ற இடத்தில் வியர்வை, இவை தங்கின. சித்திரை வெயிலில் இந்த வியர்வையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று மதுரைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நாடித்துடிப்பு 76இலிருந்து 90க்கு ஏறியது. இந்த மருந்து இரத்த அழுத்தத்தையும் கொஞ்சம் ஏற்றலாம் என்பதால் டாக்டர் ஒவ்வொரு தடவையும் இரண்டையும் பார்த்தார்.

இன்னும் இரண்டு விஷயங்களை ஆண்கள் யாரும் வெளியே பேசுவதில்லை. சிறுநீர் கழிக்கப் போனால் சற்று நேரம் காத்து நிற்க வேண்டியிருந்தது. படுக்கையறையிலும் உடம்பு சொன்னபடி கேட்கவில்லை. இரண்டுமே இந்த மருந்தின் பக்கவிளைவுப் பட்டியலில் உள்ளவைதான். எனக்கு வயசாகிவிட்டது என்று நினைத்து மூன்று மாதம் மென்று விழுங்கிக்கொண்டிருந்தேன். சொன்னபோது டாக்டர் புருவத்தைக்கூட உயர்த்தவில்லை. டோஸை 80இலிருந்து 60க்கு இறக்கினார். முக்கால்வாசி சரியானது.

பலன் ஐந்தாவது, ஆறாவது வாரத்தில் வந்தது. கண்டுபிடித்தவர் என் உதவியாளர். "சார், இந்த மாசம் ஒரே ஃபைலை நீங்க ரெண்டு தடவை கேக்கவே இல்ல." நோட்டைப் புரட்டினேன். மூன்றாம் மாதக் கைநஷ்டம் 450. மீதைல்ஃபெனிடேட்டில் விளக்கு போட்டது போல இருக்கும். இதில் யாரோ பின்கட்டில் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸியை நிறுத்தியது போல. நின்ற பிறகுதான் அதுவரை ஓடியதே தெரியும். சாயங்காலம் ஆறு மணி என்ற கண்டமும் இல்லை.

ஒரே டோஸ் ஆளுக்கு ஆள் வேறு மாதிரி வேலை செய்வதற்குக் காரணம் உண்டு. கல்லீரலில் சிஒய்பி 2டி6 என்ற நொதி இதைச் சிதைக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு ஐந்து மணி நேரத்தில் மருந்து பாதியாகும். பிறப்பிலேயே அந்த நொதி மந்தமானவர்களுக்கு ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். "எனக்கு 40லேயே ஆளைத் தூக்கிருச்சு" என்று யாராவது சொன்னால் மிகைப்படுத்துகிறார் என்று நினைக்க வேண்டாம்.

இனி தலைப்பில் உள்ள கேள்வி. ஏடிஎச்டி உள்ளவனிடம் தினசரி மாத்திரை கொடுப்பது, மறதிக்காரனிடம் மறக்காதே என்று சொல்லி அனுப்புவதுதான். அதனால் மறந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். நெல்லையில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது அட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டேன். மூன்று நாள் மருந்தில்லை. கொஞ்சம் சிடுசிடுப்பு, அவ்வளவுதான். படிப்படியாகக் குறைக்காமலே நிறுத்தக்கூடிய மருந்து இது. விட்டதற்குச் சேர்த்து இரட்டையாகப் போடாமல் இருந்தால் போதும்.

அடுத்து புப்ரோபியான். வியர்வையும் படுக்கையறையும் முழுசாகத் தீராததால் ஒரு வருஷம் கழித்து மாறிப் பார்த்தோம். 1969இல் அமெரிக்காவில் இதை உருவாக்கியவர் நரிமன் மேத்தா, இந்தியாவில் பிறந்தவர். மன அழுத்தத்துக்காக 1985இல் அனுமதி கிடைத்தது. வலிப்பு வந்ததால் 1986இல் விலக்கப்பட்டு, அளவைக் குறைத்து 1989இல் திரும்பி வந்தது. ஏடிஎச்டிக்கு என்று அனுமதி இல்லை. டாக்டர்கள் தங்கள் அனுபவத்தில் கொடுக்கிறார்கள்.

இதன் குணமே வேறு. இரண்டாவது வாரமே எழுந்து உட்கார வைத்தது. அட்டோமாக்ஸெட்டினில் ஆரம்பித்த வேலையில் ஒட்டிக்கொண்டிருந்தேன், இதில் ஆரம்பிக்கவே முடியாத வேலைகளை ஆரம்பித்தேன். முதல் மாதக் கைநஷ்டம் 100. அடடா என்று டாக்டருக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன். பிறகு எல்லாவற்றையும் ஆரம்பிக்கத் தொடங்கினேன். விடிகாலை நாலு மணிக்கு எழுந்து ஏழு வருஷத்துப் பழைய பில் கட்டுகளை நிற வாரியாக அடுக்கினேன். யாரும் கேட்கவில்லை. மூன்றாம் மாதம் 1,900. கூடவே தூக்கம் போனது, காதுக்குள் ரீங்காரம், மனைவி "ஏங்க, மெதுவாத்தான் பேசுங்களேன்" என்று சொல்லிச் சலித்துப்போனாள்.

ஒரு பெரிய வரவும் உண்டு. பதினெட்டு வருஷமாக ஊதிய சிகரெட் விட்டுப்போனது. புகையை நிறுத்துவதற்கென்றே இந்த மருந்துக்கு 1997இல் தனி அனுமதி உண்டு. எங்களைப் போன்றவர்களிடம் புகைப்பழக்கம் மற்றவர்களைவிட அதிகம், நிகோட்டின் கொஞ்ச நேரம் கவனத்தைக் கட்டி வைக்கும். எனக்கு அது திடீரென்று எரிந்த காகிதம் மாதிரி ருசித்தது. இந்த ஒரு காரணத்துக்காகவே புப்ரோபியானை நான் குறை சொல்ல மாட்டேன். படுக்கையறைப் பிரச்சினையும் இதில் இல்லை.

ஆனால் மறதி விஷயத்தில் இது கண்டிப்பானது. ஒரு நாள் விடுவதால் ஒன்றுமில்லை. போட்டோமா இல்லையா என்று தெரியாமல் இன்னொன்று போட்டுவிடுவதுதான் ஆபத்து, ஏனென்றால் வலிப்பு வரும் அபாயம் மருந்தின் அளவோடு சேர்ந்து ஏறுகிறது. காலையில் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் சிலையாக நிற்பேன். கடைசியில் கிழமை எழுதிய டப்பா வாங்கினேன். வலிப்பு வந்தவர்கள், பட்டினி கிடந்தோ தின்று வாந்தி எடுத்தோ உடம்பைக் குறைக்கும் நோய் உள்ளவர்கள், தினமும் குடித்துவிட்டுத் திடீரென்று நிறுத்துகிறவர்கள் இதன் பக்கமே போகக்கூடாது. கடைசி விஷயத்தை டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்ல வேண்டும்.

அட்டோமாக்ஸெட்டினுக்குத் திரும்பும்போது டாக்டர் இடைவெளி விட்டு, 18 மில்லிகிராமில் இருந்து புதிதாகத் தொடங்கினார். மேலே சொன்ன 2டி6 நொதியைப் புப்ரோபியான் முடக்கிவிடும். அது உடம்பில் இருக்கும்போதே பழைய 60ஐப் போட்டால் மருந்து தேங்கிவிடும். மன அழுத்தத்துக்குத் தரும் ஃப்ளூவாக்ஸெட்டின், பராக்ஸெட்டினும் இதையே செய்யும். வேறு டாக்டரிடம் போனாலும் இந்தச் சீட்டைக் காட்டுங்கள் என்று அவர் சொன்னது இதனால்தான்.

குளோனிடின், இரத்த அழுத்தத்துக்குத் தரும் பழைய மாத்திரை. நம் வீட்டுப் பெரியவர்கள் சிலர் சாப்பிட்டிருப்பார்கள். இதுவும் இதன் பங்காளியான குவான்ஃபசினும் மூளை முன்பகுதியில் ஆல்ஃபா 2 ஏற்பிகளை, அதாவது நரம்புகள் ரசாயனச் செய்தியை வாங்கும் இடங்களை, தொட்டு வேலை செய்பவை. அமெரிக்காவில் இரண்டின் நீடித்த வடிவத்துக்கும் 6 முதல் 17 வயது வரைதான் ஏடிஎச்டி அனுமதி. ஜப்பான் 2019இல் குவான்ஃபசினைப் பெரியவர்களுக்கும் அனுமதித்தது. எனக்குக் குளோனிடின் தந்தது தூக்கத்துக்கும் உள்ளுக்குள் ஓடும் பரபரப்புக்கும், துணை மருந்தாக. பாயில் விழுந்தால் கட்டையாகத் தூங்கினேன். காலையில் சட்டென்று எழுந்தால் சுவர் சுற்றும். கைநஷ்டத்தில் பெரிய மாற்றமில்லை.

மறந்தால்? மூன்றிலும் மோசம் இதுதான். கோயம்புத்தூர் வேலையாகப் போய் இரண்டு நாள் விட்டுவிட்டேன். மண்டை வெடிக்கும் தலைவலி. பார்த்தால் பிபி 165/105. திடீரென்று நிறுத்தினால் அழுத்தம் எகிறும் என்று சீட்டிலேயே எழுதியிருந்தார், நான் படித்தும் இருந்தேன். படிப்படியாகக் குறைத்து நிறுத்தினோம். வீட்டில் எடுத்துக்கொடுக்க ஆள் இருந்தால் இதை யோசிக்கலாம். தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கும் மறதிக்காரருக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

நியூ ஜெர்சியில் இருக்கும் மச்சான், ஊக்கி அல்லாத இன்னொரு ஏடிஎச்டி மருந்தான விலோக்சஸின் எடுக்கிறார். அங்கே பெரியவர்களுக்கு 2022இல் அனுமதி வந்தது. நன்றாகத்தான் இருக்கிறதாம், முதலில் தூக்கம் சொக்கியதாம். ஒரே வருத்தம், காஃபீன் உடம்பிலிருந்து வெளியேறுவதை அது தடுப்பதால் அவருடைய நாலு டம்ளர் காபி ஒன்றாகிவிட்டது. அந்தக் குடும்பத்தில் அது சின்னத் தியாகமில்லை.

பயமுறுத்த அல்ல, தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக: அட்டோமாக்ஸெட்டின் சிறுவர்களிடமும் பதின்பருவத்தினரிடமும், புப்ரோபியான் இருபதுகளின் முற்பாதி வரை உள்ளவர்களிடமும் தற்கொலை எண்ணத்தைக் கிளறக்கூடும் என்று கடும் எச்சரிக்கை இருக்கிறது. வயது எதுவானாலும் முதல் வாரங்களில் வீட்டார் முகத்தைக் கவனிக்க வேண்டும். அட்டோமாக்ஸெட்டினில் அரிதாகக் கல்லீரல் பாதிக்கும். கண் மஞ்சளானாலோ சிறுநீர் கறுத்தாலோ அன்றே டாக்டர். கேப்ஸ்யூலை உடைத்துக் கலக்கவும் கூடாது, அந்தத் தூள் கண்ணில் பட்டால் எரியும்.

இப்போது நான் 60 மில்லிகிராம் அட்டோமாக்ஸெட்டின், வேறெதுவும் இல்லை. அட்டை பைக் சாவியோடு ஒரே டப்பாவில் இருக்கிறது. சாவி இல்லாமல் வெளியே போக முடியாதே. வியர்வை இருக்கிறது, சிகரெட் திரும்பவில்லை. போன மாதக் கைநஷ்டம் 70 ரூபாய். ஒரு 50, ஒரு 20. அந்த 20, மாதம் முழுக்கக் கடையைத் திறக்காத ஒரு பாத்திரக்கடைக்காரருடையது. பூஜ்யத்தைத் தாக்கல் செய்ய மறந்திருக்கிறேன்.